புற்றுநோய் முகாமில் மரபணுவைப் பற்றிப் பேசுங்கள்: சுங்கை சிப்புட் வட்டார ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சுங்கை சிப்புட் நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மருத்துவ முகாம் என்றால் மக்கள் முதலில் தேடுவது கோயில் மண்டபத்தையும் பள்ளி மண்டபத்தையும்தான். அரசாங்க கிளினிக்குக்குப் போகத் தயங்கும் பாட்டிகூட மண்டபத்துக்கு வந்து கையை நீட்டி இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வார். அந்த நம்பிக்கை உங்களிடம் இருப்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். முகாமில் புற்றுநோய்க்கென்று ஒதுக்கும் நேரத்தில், உயிரணுவுக்குள் என்ன கெடுகிறது என்பதை விளக்க இடம் கொடுங்கள். வெற்றிலை போடாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், பரிசோதனைக்குப் போங்கள் என்ற அறிவுரைகளை எல்லாரும் பலமுறை கேட்டுவிட்டார்கள். ஏன் என்று யாரும் விளக்காததால், முதல் பக்கவிளைவு வந்ததும் மாத்திரை நிற்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவர் வேறு மாதிரிச் சொன்னதும் பரிசோதனை தள்ளிப்போகிறது. தோட்டத்து மக்களுக்கு மரபணு எல்லாம் புரியாது என்று சொல்பவர்கள் உண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. எந்தக் கன்று எந்த இனம், எந்த மரம் எவ்வளவு தரும் என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து வேலை செய்தவர்கள் இவர்கள்.

அடிப்படையிலிருந்து வருவோம். சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒரு தொகுப்பில் ஏறத்தாழ 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள். புரதம் செய்வதற்கான குறிப்பைத் தாங்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரலில் இருப்பதும் நாக்கில் இருப்பதும் அதே 20,000தான். ஆனால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எல்லார் பெயரும் கிராணியின் (கணக்கரின்) புத்தகத்தில் இருந்தாலும், யார் பெயர் கூப்பிடப்படுகிறதோ அவர்தான் அன்று வேலைக்கு இறங்குகிறார். உயிரணுவிலும் அப்படித்தான். படியெடுப்புக் காரணிகள் என்ற புரதங்கள் ஒரு மரபணுவின் தொடக்கப்பகுதியில் அமர்ந்து, ஆர்என்ஏ பாலிமெரேஸ் என்ற நொதியை அங்கே வரவழைக்கின்றன. அந்த நொதி மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது. அந்தப் படியைப் படித்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. எத்தனை படி எடுக்கப்படுகிறது என்பதே பெரும்பாலும் எவ்வளவு புரதம் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே கோளாறு இரண்டு வழியில் வரலாம். மரபணுவின் எழுத்தே மாறிப்போகலாம். எழுத்து அப்படியே இருக்க, அது படியெடுக்கப்படும் முறை மாறிப்போகலாம்.

இரண்டுக்கும் சான்று நம் கண்முன்னே செம்பனையில் இருக்கிறது. டூரா மரத்தின் கொட்டைக்கு ஓடு தடிப்பு. பிசிபெராவுக்கு ஓடே இல்லை, ஆனால் அதன் குலைகள் பெரும்பாலும் முற்றாமலே போய்விடும். இரண்டையும் கலந்து பெற்ற தெனேராவுக்கு மெல்லிய ஓடு, கூடுதல் எண்ணெய். அதனால்தான் நம் தோட்டங்களில் அதை நடுகிறார்கள். இவ்வளவு வித்தியாசமும் ஷெல் என்ற ஒரே மரபணுவால் வருகிறது என்று 2013-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் அடங்கிய குழு கண்டறிந்தது. அந்த மரபணு தருவது ஒரு படியெடுப்புக் காரணி. தாய்மரத்திடமிருந்து ஒன்று, தந்தைமரத்திடமிருந்து ஒன்று என மரபணுவுக்கு இரண்டு படி உண்டு; இரண்டும் நன்றாக இருந்தால் டூரா, ஒன்று பிறழ்ந்தால் தெனேரா, இரண்டும் பிறழ்ந்தால் பிசிபெரா. இன்னொன்றையும் பாருங்கள். திசு வளர்ப்பில் பெருக்கிய சில கன்றுகள் வளர்ந்து காய்க்கும்போது, பழத்தைச் சுற்றிக் கூடுதல் மடல்கள் முளைத்து விளைச்சல் கெட்டுப்போகிறது. 2015-இல் அதன் காரணமும் தெரிந்தது. டிஎன்ஏ எழுத்து எதுவும் மாறவில்லை. ஒரு மரபணுவுக்குள் ஒட்டியிருக்க வேண்டிய மெத்தில் முத்திரைகள், அதாவது மரபணு படிக்கப்படும் முறையைக் கட்டுப்படுத்தும் சிறு வேதிக் குறிகள், உதிர்ந்துபோயிருந்தன. பேச வருபவர் ஒரு தெனேரா பழத்தையும் ஒரு டூரா பழத்தையும் வெட்டி மேசையில் வைத்துத் தொடங்கினால், பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

உயிரணு பிரியும்போது டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் நொதி முதல் ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தவறுகிறது. அந்த நொதியே பின்னோக்கிப் பார்த்துத் திருத்துகிறது. பிறகு பழுதுபார்க்கும் புரதங்கள் மீண்டும் சரிபார்க்கின்றன. இத்தனைக்கும் பின் நூறு கோடிக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகவே தவறு மிஞ்சுகிறது. ஆனால் உடலில் பிரியும் உயிரணுக்களின் எண்ணிக்கையை நினைத்தால் அந்த மிச்சமும் சேர்ந்துகொண்டே போகும். புகையிலை, வெயில், சில வைரஸ்கள், பூஞ்சை நஞ்சு போன்றவை அதை இன்னும் வேகப்படுத்துகின்றன.

ஒரே ஒரு எழுத்து என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். கேராஸ் என்ற மரபணுவின் 12-ஆம் இடத்தில் ஜிஜிடி என்ற மூன்றெழுத்து ஜிடிடி ஆகிவிட்டால், புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்காரும். கேராஸ் புரதம், வளரச் சொல்லும் செய்தி வரும்போது மட்டும் இயங்கி, உடனே தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்வது. வேலின் வந்தபின் அப்படி நிறுத்திக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து செய்தி வராமலே பிரி, பிரி என்ற கட்டளை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். குடல், கணையம், நுரையீரல் புற்றுகளில் இந்த இடத்துப் பிறழ்வு அடிக்கடி காணப்படுவது. ஆனாலும் ஒரு பிறழ்வு பொதுவாகப் போதாது. பெருங்குடலில் ஏபிசி, கேராஸ், டிபி53 என்று பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டு, சின்னச் சதை வளர்ச்சி புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். 50 வயதானவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வது அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளத்தான்.

பிறழ்வையும் படியெடுப்பையும் சேர்த்துக் காட்டுவதற்கு பி53-ஐ விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. முகாமில் நேரம் குறைவென்றால் வேறு எதையும் விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். 17-ஆம் குரோமோசோமில் உள்ள டிபி53 மரபணு தரும் புரதம் அது. 1979-இல் கண்டறிந்தபோது புற்றை வளர்ப்பதே இதுதான் என்று நினைத்தார்கள். ஆய்வகங்களில் கையாண்டவை பிறழ்ந்த படிகள் என்பதும், நல்ல பி53 புற்றைத் தடுப்பது என்பதும் 1989 வாக்கில்தான் தெளிவானது. இது ஒரு படியெடுப்புக் காரணி. சாதாரண நேரத்தில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் இதை உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டிஎன்ஏ அறுந்துவிட்டால் பி53 அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு அளவு ஏறும். பி21 என்ற மரபணுவைப் படியெடுக்க வைக்கும். பி21 உயிரணு பிரிவதை நிறுத்தும். பழுது சரியானால் பிரிதல் தொடரும். சரியாகாவிட்டால் பேக்ஸ், பூமா என்ற வேறு மரபணுக்களைப் படியெடுக்க வைத்து, அந்த உயிரணுவைத் தானே மடியச் செய்யும்.

மனிதப் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது. பெரும்பாலான பிறழ்வுகள் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியிலேயே விழுகின்றன. பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் டிஎன்ஏவைப் பிடிக்கும். இரு படிகளில் ஒன்று கெட்டு, நல்லதும் கெட்டதும் சம அளவில் உருவானால், நான்கும் நல்லவையாகச் சேர 16-இல் 1 வாய்ப்புத்தான் உண்டு. ஒரு படி நன்றாக இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஆலயச் சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. ஈரத்தில் கிடந்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. கல்லீரலில் அது மாற்றமடைந்து டிஎன்ஏவில் ஒட்டி, பி53-இன் 249-ஆம் இடத்தில் ஜி எழுத்தை டி ஆக்குவது அதன் அடையாளம்போல் அறியப்பட்டிருக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்றும் சேர்ந்திருந்தால் கல்லீரல் புற்று வரும் ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. ஆகவே அன்னதானக் களஞ்சியத்தில் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பழையதை முதலில் எடுங்கள். பூத்துப்போன, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைப் பொறுக்கி நல்லதைச் சமைப்பதற்குப் பதில் அந்த மூட்டையையே ஒதுக்குங்கள். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களை ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது எச்பிவி, பாலுறவு வழியே பரவும் ஒரு வைரஸ். கருப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம். இதன் இ6 புரதம் பி53-ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. இ7 புரதம், பிரிதலைக் கட்டிப்போடும் ஆர்பி என்ற புரதத்தை முடக்குகிறது. ஆர்பி பிடித்து வைத்திருந்த இ2எஃப் என்ற படியெடுப்புக் காரணி விடுபட்டு, பிரிதலுக்கு வேண்டிய மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. வைரஸிடமே இ2 என்றொரு புரதம் உண்டு. அது இ6, இ7 அதிகம் படியெடுக்கப்படாமல் அடக்கி வைக்கும். வைரஸின் டிஎன்ஏ நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும்போது பெரும்பாலும் இந்த இ2 உடைந்துபோகிறது. அடக்க ஆளில்லாமல் இ6-உம் இ7-உம் பெருகும்.

பெரும்பாலான தொற்றுகள் இரண்டு ஆண்டுக்குள் உடலாலேயே அகற்றப்படும். தங்கிவிடும் சில, 15, 20 ஆண்டுகளில் புற்றாகலாம். செருகிவிட்ட வைரஸைத் தடுப்பூசி வெளியேற்றாது. தொற்று வருமுன் போட்டால்தான் பயன். நம் நாட்டில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்கு அது பள்ளியில் போடப்படுகிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது, அனுமதித் தாள் வருவதோ இடைநிலைப்பள்ளியில், மலாயில். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆறாம் ஆண்டு இறுதிக் கூட்டத்திலேயே இதை விளக்கிவிட வேண்டும். சின்னப் பெண்ணுக்கு எதற்கு இந்த ஊசி என்ற கேள்வி அங்கே கட்டாயம் வரும். இந்த வயதில் போடுவதுதான் வேலை செய்யும் என்பதே பதில். 30 வயதைக் கடந்த பெண்கள் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்ளட்டும். அந்த வசதி உள்ள கிளினிக்கில் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், கூச்சத்துக்கு இடமில்லை. தொற்று இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்று வந்துவிட்டது என்று பொருளாகாது. அடுத்த கட்டப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி வெற்றிலை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம். நம் பெண்களிடம் அது குறிப்பாகத் தெரிகிறது. புகையிலை சேர்த்து மெல்லும் வெற்றிலை புற்றுண்டாக்குவது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-இலேயே வகைப்படுத்தியது. 2004-இல் புகையிலை இல்லாத வெற்றிலைக்கும், தனியே பாக்குக்கும் அதே முடிவை வெளியிட்டது. பலருக்கு இந்த இரண்டாம் செய்தி எட்டவே இல்லை. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்கும் சுண்ணாம்பும்தான் என்று நிம்மதியாகச் சொல்லும் அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இந்தப் பகுதியை நீட்டுகிறோம்.

பாக்கில் அரிகோலின் என்ற பொருள் இருக்கிறது. வாயில் அது நைட்ரோசமைன் வகைப் பொருள்களாக மாறி டிஎன்ஏ எழுத்துகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் நகலெடுக்கும் நொதி தவறாகப் படிக்கும். சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் பாக்கிலிருந்து ஆக்சிஜன் தீவிர மூலக்கூறுகள் பெருகி டிஎன்ஏவைச் சிதைக்கும். மெல்லிய சவ்வும் வெந்துபோகும். பாக்கில் உள்ள செம்பு, கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியைத் தூண்டுகிறது. கன்னம் உள்ளே விறைத்து, வாய் திறப்பது மெல்லக் குறைவது அதனால்தான். இவற்றோடு படியெடுப்பிலும் அடி விழுகிறது. பிரிதலைத் தடுக்கும் பி16 என்ற மரபணுவின் தொடக்கப்பகுதியில் மெத்தில் முத்திரைகள் குவிந்து, டிஎன்ஏ இறுகிச் சுருண்டு, ஆர்என்ஏ பாலிமெரேஸ் நெருங்க முடியாமல் போவது வாய்ப்புற்றுகளில் அடிக்கடி காணப்படுகிறது. மரபணு அப்படியே இருக்கிறது, ஆனால் படிக்கப்படுவதில்லை. உயிரணு பிரியும்போது அந்த முத்திரையும் நகலெடுக்கப்பட்டு இரு மகளணுக்களுக்கும் போகிறது.

இந்த மாற்றங்கள் ஒரு புள்ளியில் மட்டும் நேர்வதில்லை. வெற்றிலை அடக்கி வைக்கும் கன்னப்பகுதி முழுவதும் பாதியளவு கெட்ட உயிரணுக்கள் பரவியிருக்கும். ஓரிடத்தில் புற்றை வெட்டி எடுத்தபின் சற்றுத் தள்ளி இன்னொன்று வருவதற்கு இதுவே காரணம். பழக்கத்தை நிறுத்தினால் புதிய சேதம் நிற்கிறது, ஆபத்து ஆண்டுகள் போகப்போகக் குறைகிறது. ஏற்கெனவே நேர்ந்த பிறழ்வு அழிந்துவிடுவதில்லை. ஆகவே நிறுத்தியவரும் ஆண்டுதோறும் வாயைக் காட்ட வேண்டும்.

முகாமில் வாய் பார்ப்பதற்கு ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நல்ல வெளிச்சம், கையுறை, மெல்லிய துணித்துண்டு, இரண்டு முகக்கண்ணாடி. வாய் கொப்பளித்துப் பல்செட்டைக் கழற்றியபின் உதட்டின் உட்புறம், இரு கன்னம், ஈறு, அண்ணம் பார்க்க வேண்டும். நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இரு ஓரங்களையும் கடைசிவரை பார்க்க வேண்டும். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடித்தளம். அவசரத்தில் விட்டுப்போவது நாக்கின் ஓரமும் அடித்தளமும்தான், புற்று அதிகம் ஒளிவதும் அங்கேதான். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், தன் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாத நிலை ஆகியவற்றில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது, வலியும் இருக்காது. பார்ப்பதைப் பல் மருத்துவரோ பயிற்சி பெற்ற பல் தாதியோ செய்யட்டும். உங்கள் வேலை பெயர், தொலைபேசி, அனுப்பிய தேதி எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்துப் போனாரா என்று கேட்பது. பலர் தவறிப்போவது இந்த இடைவெளியில்தான்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தையும் அங்கேயே பேசிவிட வேண்டும். பரவும் திறனை உயிரணு பெறுவது மரபணு மாற்றங்கள் சேர்ந்துபோவதால். சதைத்துண்டு எடுக்கும் ஊசியின் பாதையில் புற்றணு ஒட்டி வளர்வது மிக அரிது. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இன்னும் பல பிரிதல்கள், இன்னும் பல பிறழ்வுகள். துண்டு எடுக்காமல் எந்தப் புற்று என்றே சொல்ல முடியாது.

மார்பகப் புற்றில் படியெடுப்பு நேரடியாகச் சிகிச்சையாகவே மாறுகிறது. சதைத்துண்டின் ஆய்வு அறிக்கையில் இஆர் என்று ஒரு வரி இருக்கும். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்று பொருள். அந்த ஏற்பியே ஒரு படியெடுப்புக் காரணி. ஈஸ்ட்ரஜன் வந்து ஒட்டியதும் டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து, வளர்ச்சி மரபணுக்களைப் படியெடுக்க வைக்கும். நுண்ணோக்கியில் புற்றணுக்களின் உட்கருவில் 1 விழுக்காடாவது சாயம் ஏற்றால் இஆர் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். டமோக்சிபென் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம், அதே ஏற்பியில் போய் உட்கார்ந்து அதன் வடிவத்தை மாற்றுகிறது. படியெடுக்க உதவும் துணைப் புரதங்கள் ஒட்ட முடியாமல் போகின்றன. மாத்திரை ஏற்பியை அழிப்பதில்லை, மரபணுவைத் திருத்துவதும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது. நிறுத்தினால் இடம் காலியாகும், எங்காவது மிஞ்சியிருக்கும் புற்றணுக்களுக்கு ஈஸ்ட்ரஜன் மீண்டும் கிடைக்கும். ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு என்று சொல்வது இதனால்தான். ஐந்து ஆண்டு முழுதாகச் சாப்பிட்ட இஆர் பாசிட்டிவ் பெண்களில் 15 ஆண்டுக் கால மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன.

உடல் சூடேறுவது, வியர்ப்பது, மூட்டு வலி ஆகியவற்றால் இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். விடுவதற்கு முன் மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. கருப்பையில் துணைப் புரதங்களின் கலவை வேறு என்பதால் அங்கே டமோக்சிபென் ஈஸ்ட்ரஜனைப்போலவே செயல்படக்கூடும். எனவே மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனை. மனச்சோர்வு மாத்திரைகளில் பாராக்சிட்டின், புளுவாக்சிட்டின் போன்றவை டமோக்சிபென் கல்லீரலில் செயல்படும் வடிவமாக மாறுவதைத் தடுப்பவை. வேறு கிளினிக்கில் மருந்து வாங்கும்போது டமோக்சிபென் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும்.

ஹெர்2 என்ற வரியும் முக்கியம். மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 விழுக்காட்டில் இந்த மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது. 0, 1+ என்றால் வழக்கமாக எதிர்மறை, 3+ என்றால் நேர்மறை, 2+ என்றால் முடிவாகவில்லை. 2+ வந்தால் மரபணுப் படிகளையே எண்ணும் இன்னொரு சோதனை தேவை. அந்தச் சோதனை நடந்ததா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும், ஏனெனில் 1998 முதல் புழக்கத்தில் உள்ள டிராஸ்டுசுமாப் மருந்து பொருந்துமா என்பது அதில் தங்கியிருக்கிறது. சதைத்துண்டு ஒரு மணி நேரத்துக்குள் பத்து மடங்கு அளவு பார்மலின் கரைசலில் விழுந்து, 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும். தாமதமானாலோ நேரம் குறைந்தாலோ இருக்கும் ஏற்பியும் இல்லையென்று காட்டும். சின்னக் கட்டிதானே என்று எங்காவது எடுத்துவிட்டு ஆய்வுக்கே அனுப்பாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசம். கட்டி எடுத்தால் ஆய்வு அறிக்கை எங்கே என்று கேட்கும் பழக்கத்தை மக்களிடம் வளர்க்க உங்களால் முடியும்.

பரம்பரை பற்றிய பேச்சு நம்மிடையே அதிகம், தெளிவு குறைவு. மார்பகப் புற்றில் 5 முதல் 10 விழுக்காடுதான் ஒரு தனி மரபணுப் பிறழ்வு வழியாகப் பிறப்பிலேயே வருவது. பெரும்பாலான பிறழ்வுகள் வாழ்நாளில் அந்த உறுப்பில் மட்டும் சேர்பவை, பிள்ளைகளுக்குப் போகாதவை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை அறுந்த டிஎன்ஏவைச் சரியாக ஒட்டவைக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள். ஒரு படி பிறழ்ந்து பிறந்த பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு. அது பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு, ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி. அப்பா வழியிலும் வரும். அத்தைக்கு இருந்ததை நம் குடும்பம் இல்லை என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது பெரிய பிழை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் இங்கே பொருந்தாது. ஒரு படி போதும், உறவுத் திருமணம் தேவையில்லை. இரண்டு படியும் கெட்டால்தான் வரும் வேறு சில அரிய நோய்களுக்குத்தான் அந்தக் கவலை பொருந்தும்.

45 வயதுக்கு முன் மார்பகப் புற்று, இரு மார்பிலும் புற்று, எந்த வயதிலும் சூலகப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, ஒரே பக்க உறவில் பலருக்குப் புற்று ஆகியவை இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேட்கலாம். அறிக்கையில் பொருள் உறுதியாகாத மாற்றம் என்று வந்தால் அதை வைத்து அறுவைக்கு முடிவெடுக்கக் கூடாது. உலகத் தரவுகளில் நம் இனத்தவரின் மரபணுக்கள் குறைவாக இருப்பதால் நமக்கு இப்படி வருவது அதிகம். பின்னால் அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்று தெரியவரும். இதை வைத்துப் பெண் பார்க்கும் பேச்சில் ஒரு குடும்பத்தை ஒதுக்குவது நடக்கவே கூடாது. உங்கள் சொல்லுக்கு அங்கே எடை உண்டு, தயவுசெய்து சொல்லுங்கள். கைக்குழந்தையின் புகைப்படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னினால் அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆர்பி மரபணு கெட்டு வரும் கண்புற்று அப்படித்தான் முதலில் தெரியும்.

முகாம் வாசலில் மேசை போடுபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பொடி, உயிரணுவைப் புதுப்பிக்கும் பானம் என்று விற்பவர்களுக்கு இடம் தராதீர்கள். பிறழ்ந்த எழுத்தைத் திருத்தும் பொடி எதுவும் கிடையாது. நல்லதுதானே என்று கொடுத்தது கெடுதலான சான்றும் இருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 விழுக்காடு அதிகமாயிற்று. 1994-இல் வெளியான முடிவு அது. மாத்திரையாக அடைத்து விற்பதற்கும் கீரை, பழம் உண்பதற்கும் வேறுபாடு உண்டு.

செலவும் போக்குவரத்தும் பலரைத் தடுக்கின்றன. குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் தகுதி பெற்றவர்களுக்கு இலவசப் பரிசோதனையும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகையும், போக்குவரத்து உதவியும் நிபந்தனைகளோடு உண்டு. வேலையில் இருந்து 40 வயதை எட்டியவர்கள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தில் தங்களுக்கு இடம் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். இந்தப் படிவங்களை நிரப்பத் தெரிந்த ஓர் இளைஞரை முகாமில் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். ஈப்போவுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஆலய வேன் கிடைத்தால், சிகிச்சை நாள் தவறுவது குறையும்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு கொடுங்கள். ஆய்வு அறிக்கையின் நகல், சதைத்துண்டின் ஆய்வக எண், அந்தத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்ற விவரம், இஆர், பிஆர் (புரோஜெஸ்டரோன் ஹார்மோனின் ஏற்பி), ஹெர்2 முடிவுகள், மருந்து தொடங்கிய தேதி, தாய்வழி தந்தைவழி மூன்று தலைமுறையில் யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்று என்ற பட்டியல் ஆகியவை அதில் இருக்கட்டும். நோய் சில ஆண்டு கழித்துத் திரும்பினால் மருத்துவர் பழைய துண்டையும் புதிய துண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவார். இடையில் ஈஸ்ட்ரஜன் ஏற்பியின் மரபணுவே பிறழ்ந்து, ஈஸ்ட்ரஜன் இல்லாமலே இயங்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது மருந்தை மாற்ற வேண்டிவரும். பழைய எண் கையில் இல்லாவிட்டால் அந்த மெழுகுக் கட்டியைத் தேடுவதிலேயே வாரங்கள் போய்விடும். கோப்பின் மாதிரியையும், முகாமில் பேசுவதற்கான படங்களையும் தமிழில் தயாரித்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். நாளையும் மண்டபத்தையும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இவ்வட்டாரத்தில் ஆய்வகத்திலும் தாதிமையிலும் அறிவியல் கற்பித்தலிலும் பணிபுரியும் சிலர்
சுங்கை சிப்புட், பேராக்